காஸாபிளாங்காவில் எந்தத் தெரு

பட்டை போட்டானா, போடவில்லையா. மத்தியானம் சாய்ந்து அஸர் தொழுதுவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைத்ததிலிருந்து நூகுத் தம்பியின் மண்டைக்குள் இந்த ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. லஹ்சன் என்ற அந்த மொரோக்கோக் கிழவன், நாற்பத்தேழு வருஷத்துக்கு முன்னால், கப்பல் அடுக்களையில் நின்று, பானைக்குள் ஒரு துண்டுப் பட்டையைப் போட்டானா, அல்லது பட்டை என்பது பின்னால் காயல்பட்டணத்துக்கு வந்து கதை சொல்ல உட்கார்ந்தபோது நூகுத் தம்பியே கையோடு சேர்த்துக்கொண்ட சரக்கா. பட்டையை விரலிடுக்கில் பிடித்தபடி அவர் பானையை எட்டிப் பார்த்தார். ஆட்டுக்கறி வெங்காயத்தோடு வெந்துகொண்டிருந்தது. ராத்திரியே ஊறப்போட்ட கொண்டைக்கடலை அதற்குள் ஏறி இறங்கி ஏறி இறங்கி விளையாடியது, அவருடைய நெஞ்சும் அதே மாதிரிதான், எழுபத்து மூன்று வயதில் நெஞ்சு இப்படி ஆடலாமா, ஆடட்டும், மாப்பிள்ளையாக இந்த வீட்டுக்குள் முதன்முதலாகக் கால் வைத்த அன்றுகூட இப்படி ஆடவில்லை, அன்று ஆடியது முழங்கால். காயல்பட்டணத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். அவரும் போனார், பெஞ்சாதி மவுத்தாகிக் கண்மூடிய பிறகு அது மகள் ஜெய்னம்புவின் வீடாயிற்று, அவர் மட்டும் அதே மாப்பிள்ளையாக மிச்சம் நிற்கிறார். அந்தக் கணக்குப்படி பார்த்தால் பேரன் ஜுபைர் காஸாபிளாங்காவிலேயே போய் உட்கார்ந்திருக்க வேண்டும். அவன் என்னடா என்றால் வழக்கத்தைத் தலைகீழாக்கி, காஸாபிளாங்காவையே ஒரு கைப்பையோடு விமானத்தில் ஏற்றி நேற்று சாயங்காலம் இந்த வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டான். ஸுகைனா. அவன் அங்கே கல்யாணம் முடித்த பிள்ளை, இருபத்தாறு வயசு, கண்ணாடி போட்ட முகம், இறங்கியதும் முதல் வேலையாக நூகுத் தம்பியின் கையைப் பிடித்து முத்தமிட்டது, "அப்பா" என்று கூப்பிட்டது. தாயின் தகப்பனைக் காயல்பட்டணத்தில் அப்பா என்பார்கள், ஜுபைர்தான் சொல்லிக்கொடுத்திருப்பான். அந்த ஒரு சொல்லில் நூகுத் தம்பிக்குத் தலை கிறுகிறுத்துப் போய், சுற்றி நின்ற அத்தனை பேரும் கேட்க, நாளைக்கு நோன்பு திறக்க ஹரீரா என் கையால், என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது.

ஹரீரா. மொரோக்கோக்காரர்கள் நோன்பு திறக்கிற சூப்பு, நமக்கு நோன்புக் கஞ்சி எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. கறி, கடலை, பருப்பு, தக்காளி, கை நிறைய மல்லித்தழை, கடைசியில் மாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாக்குவது. இதுவரை நிஜம். இதுவரை லஹ்சன். இதற்குப் பிறகு எது லஹ்சன், எது நூகுத் தம்பி? நாற்பத்தேழு வருஷமாக அந்தப் பானையில் அவர் போடாத பொருள் கிடையாது. ஏழு வகைப் பருப்பு என்று ஒரு காலத்தில் சொன்னார், கேட்டவர்கள் ஏழையும் சொல்லச் சொன்னபோது ஐந்தோடு நின்றுவிட்டதால் அடுத்த வருஷம் ஐந்தாக்கினார். ஒட்டகத் திமில் கொழுப்பு என்றார். ரோஜா இதழ் என்றார். நோன்பு மாதம் வந்தால் காஸாபிளாங்காவில் ஊர்ப் பொதுவாக ஒரு பானை இறக்குவார்கள், அதைக் கிண்ட அகப்பை பற்றாது, நடுவில் ஒரு படகை மிதக்கவிட்டு இரண்டு பேர் துடுப்புப் போட்டுக் கிண்டுவார்கள், ஒருநாள் துடுப்புக்காரனுக்குக் காய்ச்சல் என்று என்னைக் கூப்பிட்டார்கள், பாங்கு சொல்லுவதற்குள் படகைக் கரையேற்றாவிட்டால் ஊரார் படகோடு சேர்த்துக் குடித்துவிடுவார்கள் என்றார். இதெல்லாம் பொய் என்று அவருக்குத் தெரியும், அதில் சிக்கல் இல்லை, பெரிய பொய்களைச் சுலபமாக எடுத்துத் தனியே வைத்துவிடலாம், படகு எங்கேயும் ஒளிந்துகொள்ளாது. சின்னதுகள்தான் கழுத்தை அறுக்கின்றன. பட்டை. மஞ்சள். இஞ்சி அரைத்துப் போட்டானா, தட்டிப் போட்டானா. நெய்யா, வெண்ணெயா, அது ஏன் அப்படி வீச்சமாக இருந்தது, இருந்ததா. சேமியாவா அரிசியா. ஒரு பொய்யை நூறு தடவை சொன்னால் அதற்கு வாசனை வந்துவிடுகிறது, சூடு வந்துவிடுகிறது, நாக்கில் பட்ட ஞாபகம்கூட வந்துவிடுகிறது, நிஜத்துக்கோ, பாவம், ஒரே ஒரு கிண்ணம்தான். ஒன்றே ஒன்று. நூகுத் தம்பி காஸாபிளாங்காவில் கால் வைத்ததே இல்லை.

இந்த வாக்கியத்தை அவர் மனசுக்குள்ளேகூட இவ்வளவு நேராகச் சொல்லிக்கொண்டதில்லை, சொல்லிவிட்டதும் அடுக்களைக் கதவைத் திரும்பிப் பார்த்தார், யாரும் இல்லை. துறைமுகத்தில் இடம் காலியாகவில்லை என்று கப்பல் வெளிக்கடலில் நங்கூரம் போட்டுக் கிடந்தது ஒன்பது நாள். பத்தாம் நாள் சரக்கை வேறு எங்கோ இறக்கச் சொல்லித் தந்தி வந்தது, கிளம்பிவிட்டார்கள். இருபத்தாறு வயது இரண்டாம் சமையற்காரன் நூகுத் தம்பிக்கு அந்த நகரம் என்பது கடலுக்கும் வானத்துக்கும் நடுவே சுண்ணாம்பு விரலால் இழுத்துவிட்ட ஒரு கோடு, அவ்வளவுதான். காலையில் வெள்ளையாக இருக்கும், மத்தியானம் கண் கூசும், சாயங்காலம் மஞ்சளாகி அணைந்து பிறகு பொட்டுப் பொட்டாக எரியும். பார்த்துப் பார்த்து அதில் தெருக்களை அவரே வெட்டினார், கடைகளை அவரே திறந்தார். கப்பல் காவலுக்கென்று கரையிலிருந்து அனுப்பிவைத்த ஆள்தான் லஹ்சன், கோட்டுப்பைக்குள் எதையாவது வைத்துக்கொண்டே திரிவான், அதுவும் நோன்பு மாதம், கப்பலில் நோன்பு வைத்தவர்கள் அவனும் இவரும் இரண்டே பேர். மூன்றாம் நாள் கோட்டுப்பைக்குள்ளிருந்து கடலையும் பருப்பும் ஒரு காகிதப் பொட்டலத்தில் ஏதோ தழையும் எடுத்தான், இவரை ஒரு மூலையில் உட்காரச் சொன்னான், ஒரு வார்த்தை பேசாமல் சமைத்தான். பொழுது அடைந்தது. ஒரு கிண்ணம். குடித்துவிட்டு நூகுத் தம்பி நிமிர்ந்து அந்தச் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார், விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன, ஒவ்வொரு விளக்குக்குக் கீழேயும் ஒரு ஆள் இதே கிண்ணத்தை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருக்கிறான் என்று தோன்றியது, அந்த நேரத்தில் அவர் அங்கேதான் இருந்தார். அதனால் முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. முக்கால் என்று வைத்துக்கொள்ளலாம்.

"வாப்பா, அடுப்படியெல்லாம் என்ன இது, கப்பல் கவுந்த மாதிரி கிடக்கு?" ஜெய்னம்பு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். தக்காளித் தோல், பூண்டுத் தோல், வடித்த தண்ணீர், நாலு கரண்டி, மூன்று வடிகட்டி. "பெரிய சமையல்னா அப்படித்தான் இருக்கும், நீ போ," என்றார். "பள்ளிவாசல்ல இருந்து கஞ்சி வாங்கி வச்சாச்சு. ஒங்க சூப்பு என்ன ஆனாலும் யாரும் பட்டினி கிடக்க மாட்டாங்க, அதைச் சொல்லத்தான் வந்தேன்." மகளுக்குப் பெரிய மனசு. அவள் போகிற போக்கில் வாசற்படியில் நின்று, "சதக்கு சாரும் வாறாராம், அவரே சொல்லி அனுப்பிட்டார்," என்று ஒரு கல்லைப் போட்டுவிட்டுப் போனாள். சதக்கு சார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ரிட்டயர் ஆனவர், உலகப்படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டே பிறந்தவர், முப்பத்தைந்து வருஷமாக அவருக்கு ஒரே கேள்வி. எந்தத் தெரு? நூகுத் தம்பி எத்தனை அழகாகக் கதையை ஏற்றிக்கொண்டு போனாலும், சூப்புக்கடை இருந்தது மணிக்கூண்டுக்குப் பின்னால் மூன்றாவது சந்து, பச்சைக் கதவு, என்று கண்முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாலும், எல்லாரும் வாயைப் பிளந்திருக்கிற நேரத்தில் அந்த மனிதர் மட்டும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அது சரி தம்பி, எந்தத் தெரு, பேரு என்ன?" என்பார். பேர் மறந்துபோச்சு. "அங்கேயே இருந்தவருக்குத் தெருப் பேரு மறக்குமா?" இன்று காலை பள்ளிவாசல் படியில் பிடித்துக்கொண்டு, "இனி எனக்குக் கவலை இல்லை தம்பி, அந்த ஊர்ப் பிள்ளையே வந்திருக்கு. ஒரு வாய் குடிச்சிட்டு அது முகத்தை நான் பார்த்தால் போதும்," என்று சொல்லிச் சிரித்தார், பல் முழுக்கத் தெரிய.

சதக்கு சார் சிரிக்கட்டும், அவருக்கு வயது எண்பது, எத்தனை நாளைக்குச் சிரித்துவிடப் போகிறார். ஜுபைர்தான். அங்கேதான் நெஞ்சு ஒரு படி தவறிக் கால் வைக்கிறது. அவன் ஐந்து வயதில் காய்ச்சலில் கிடந்தபோது படகுக் கதை சொன்னால்தான் மருந்து குடிப்பான், பத்து வயதில் அந்த நகரத்தை நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வரைந்து வைத்திருந்தான், மணிக்கூண்டு, மூன்றாவது சந்து, பச்சைக் கதவு, படித்து முடித்து எங்கெங்கோ வேலை கிடைத்தும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அப்பா இருந்த ஊர் என்று அங்கே போனான். போன முதல் வாரமே ஃபோனில், "அப்பா, மணிக்கூண்டு இருக்கு, அப்பா," என்று அவன் கத்தியபோது நூகுத் தம்பிக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது, அட, இருக்கிறதா, என்று. அவன் தேடியிருப்பான், எத்தனை நாள் தேடினானோ, பிறகு அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, இவரும் கேட்கவில்லை. இப்போது ஸுகைனா ஒரு வாய் குடித்துவிட்டு, மரியாதைக்குச் சிரித்து, கிண்ணத்தைக் கீழே வைத்தால் போதும், அவன் புரிந்துகொள்வான். கோபித்துக்கொள்ள மாட்டான், அதுதான் மோசம், அப்பாவைப் பார்த்து மெல்லச் சிரிப்பான், குழந்தையைப் பார்த்துச் சிரிப்பது போல, அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு மிச்ச நாளை எப்படி ஓட்டுவது.

பருப்பைப் போட்டார், தக்காளியை அரைத்து ஊற்றினார். பானை சிவந்தது, ஒரு குமிழி பெரிதாக எழும்பி அவர் முகத்துக்கு நேரே உடைந்தது, அந்த ஆவியில் ஒரே நொடி, ஒரே ஒரு நொடி, கப்பலின் எண்ணெய் நாற்றமும் உப்புக்காற்றும் கலந்து வந்து முகத்தில் அடித்தன, வந்துவிட்டது, பிடித்துவிட்டேன் என்று கால் தரையில் நிற்கவில்லை, அதற்குள் அது போய்விட்டது, கறி வாசனை மட்டும் மிச்சம். ருசி பார்த்தால் தெரிந்துவிடும். நோன்பு. சமைக்கிறவர் நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிட்டால் குற்றமில்லை என்று பள்ளிவாசல் ஆலிம் சொல்லியிருக்கிறார், ஆனால் நூகுத் தம்பிக்குத் தம் நாக்கைத் தெரியும், அது எழுபத்து மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட நுனியோடு நின்றதில்லை. அந்த விஷயத்தில் அவர் கறார். நோன்பு என்றால் நோன்பு. பொய் சொன்னால் நோன்பின் நன்மை போய்விடும் என்று சின்ன வயதில் ஓதிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டவர், முப்பது நாளும் விடியற்கால சுபுஹிலிருந்து பொழுதடைகிற மஃரிபு வரை அவர் வாயிலிருந்து ஒரு கதை வராது. எங்கே போனீங்க என்றால் போன இடத்தைச் சொல்லுவார், எத்தனை மீன் என்றால் எண்ணிச் சொல்லுவார், ஜெய்னம்புவுக்கே சலித்துப் போகும். பாங்கு சொல்லி ஒரு பேரீச்சம்பழம் உள்ளே போனதும் மடை திறந்துவிடும், அதற்காகவே அக்கம்பக்கத்தார் நோன்பு திறக்க இந்த வீட்டுக்கு வருவார்கள். சரி, அந்தத் தழை. அதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை. லஹ்சனுடைய காகிதப் பொட்டலம் பிரிந்ததும் ஓமம் மணந்தது, சத்தியமாக ஓமம், அது பொய் வருவதற்கு முந்தின மணம். ஆகவே காலையில் எதிர்வீட்டுத் தொட்டியிலிருந்து ஓமவல்லி இலை இருபது பறித்து வந்திருந்தார். மொத்தமாக நறுக்கிப் போட்டார். போட்டதும் அடுக்களை முழுக்கச் சளி மருந்துக் கடை மாதிரி ஆகிவிட்டது.

"அப்பா." திரும்பினார். ஸுகைனா கதவருகே நின்றது, முக்காடு பாதி நழுவி, தூங்கி எழுந்த முகத்தோடு. மூக்கைச் சுருக்கிக் காற்றை இழுத்தது, இன்னொரு தடவை இழுத்தது, நூகுத் தம்பிக்குக் காது இரண்டும் சூடேறின. அது நேரே அடுப்புக்கு வந்தது, ஒரு கரண்டியை எடுத்தது, பானையில் முக்கியது, ஊதியது, குடித்தது. நோன்பில்லை. பிரயாணம் வந்தவர்களுக்குச் சலுகை உண்டு, வேறு காரணமும் இருக்கலாம், அதெல்லாம் ஆண்பிள்ளை யோசிக்கிற விஷயமில்லை, அவர் கூரையைப் பார்த்துக்கொண்டார், பார்த்துக்கொண்டே ஒரு கண்ணால் அதன் முகத்தையும் பார்த்தார். அந்த முகத்தில் முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு புருவம் ஏறியது. பிறகு, "சால்ட்," என்றது. "நோ சால்ட், அப்பா." உப்பு. நாற்பத்தேழு வருஷம் பானையில் ரோஜா இதழெல்லாம் போட்டுவிட்டு உப்புப் போடவில்லை. அவர் உப்பு ஜாடியை எடுத்துத் தந்தார், அது போட்டது, கிண்டியது, மறுபடி ஒரு கரண்டி. "திஸ், வாட்?" ஒரு துணுக்கு இலையைக் கரண்டி நுனியில் ஏந்திக் காட்டியது. அவர் மிச்சமிருந்த ஓமவல்லியைக் கையில் கொடுத்தார். கசக்கி முகர்ந்தது, இரண்டாம் தடவை முகர்ந்தது, அப்படியே பானை மூடியைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. எங்கள் ஊரில் போடுகிற தழை வேறு, இதன் தூரத்து உறவு என்று வேண்டுமானால் சொல்லலாம், என்று இங்கிலீஷில் சொன்னது, நூகுத் தம்பிக்குக் கப்பல் இங்கிலீஷ் இன்னும் துருப்பிடிக்கவில்லை, எல்லாம் புரிந்தது. முடிந்தது கதை. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. சட்டைப்பையில் போட்டிருந்த பட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "திஸ்? யெஸ்? நோ?" அது எட்டிப் பார்த்து, "யெஸ், அப்பா. லிட்டில்," என்றது. போட்டிருக்கிறான். லஹ்சன் போட்டிருக்கிறான். அது பொய்யில்லை. நூகுத் தம்பிக்கு அந்தப் பட்டைத் துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது, ஒற்றிக்கொள்ளாமல் ஒடித்துப் பானையில் போட்டார்.

இனி மாவு. கரைத்த மைதாவை நூல் பிடித்த மாதிரி மெல்ல ஊற்ற வேண்டும், ஊற்றுகிற நேரம் முழுக்கக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், கை நின்றால் கட்டி தட்டிவிடும், இது லஹ்சன், கலப்படமில்லாத லஹ்சன், அதற்கு மட்டும் மூலையிலிருந்து எழுப்பி, இவர் கையைப் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். அவருடைய இடது கை இப்போதெல்லாம் நடுங்குகிறது. ஸுகைனா அதைப் பார்த்துவிட்டு மாவுச் சட்டியைத் தான் எடுத்துக்கொண்டது, அகப்பையை அவரிடம் தந்தது. அது ஊற்றியது, அவர் கிண்டினார். வெள்ளை நூல் சிவப்பில் இறங்கிச் சுருண்டு காணாமல் போயிற்று, சூப்பு பட்டுத்துணி மாதிரி கனக்க ஆரம்பித்தது, வருகிறது, கெட்டிப்படுகிறது, கை நிற்கக் கூடாது, அப்போது பார்த்து, குரலை ஏற்றாமல் இறக்காமல், அந்தப் பிள்ளை கேட்டது. "விச் ஸ்ட்ரீட், அப்பா?" சதக்கு சார் கேட்டால் ஓடலாம், ஒளியலாம், தண்ணீர் குடிக்கப் போகலாம். இங்கே கை கட்டுப்பட்டுக் கிடக்கிறது. வாயும் கட்டுப்பட்டுக் கிடக்கிறது, பாங்குக்கு இன்னும் முக்கால் மணி நேரம். பச்சைக் கதவு நாக்கு நுனிவரை வந்து நின்றது, அவர் அதை விழுங்கினார், எச்சிலாவது விழுங்கலாம். "நோ ஸ்ட்ரீட்," என்றார். கை சுற்றிக்கொண்டிருந்தது. "ஒன்லி ஷிப். நைன் டேஸ். ஐ ஸீ," அகப்பையை விடாமல் முகவாயால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார், "லைட். மெனி லைட். நோ கோ." மாவு நூல் அறுந்து சொட்டுச் சொட்டாகி, மறுபடி நூலாயிற்று. ஸுகைனா பானையையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னது, அவருக்குப் புரிய வேண்டுமே என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துச் சொன்னது. ஜுபைர் என் வாப்பாவின் செருப்புக் கடைக்கு வந்து அந்தத் தெருவை விசாரித்தான், அப்பா. மணிக்கூண்டு, மூன்றாவது சந்து, பச்சைக் கதவு. கூடப் போய்க் காட்டு என்று வாப்பா என்னை அனுப்பினார். நாலு வெள்ளிக்கிழமை தேடினோம். நான் அங்கேயே பிறந்தவள், அப்படி ஒரு தெரு இல்லை என்று முதல் நாளே எனக்குத் தெரியும். "ஐ டிட் நாட் டெல்," என்றது. கண்ணாடி ஆவியில் மூடிப்போயிருந்தது, கண் தெரியவில்லை. இல்லை என்று சொன்னால் அவன் போய்விடுவானே. நூகுத் தம்பி கிண்டிக்கொண்டே இருந்தார், சட்டி காலியான பிறகும் கிண்டினார், அகப்பையை நிறுத்தச் சொல்லி அது அவர் மணிக்கட்டைத் தொடுகிற வரைக்கும் கிண்டினார், நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கூரையில் தலை இடித்துக்கொண்டு மேலே மேலே போய்க்கொண்டிருந்தது, நாலு வெள்ளிக்கிழமை, இல்லாத தெருவில், இரண்டு பேர்.

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழம், தண்ணீர், கையேந்தி ஒரு துவா. விரிப்பில் சதக்கு சார் ஸுகைனாவுக்கு நேர் எதிரே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார், பரீட்சை ஹாலில் உட்கார்கிற மாதிரி. ஜெய்னம்பு கிண்ணங்களைப் பரப்பினாள், ஒரு பக்கம் கஞ்சி, ஒரு பக்கம் ஹரீரா, ஓமவல்லி வாசனை அறை முழுக்க. ஜுபைர் ஒரு வாய் குடித்துவிட்டுப் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான், அவன் குடித்திருப்பானே, அங்கே எத்தனை கிண்ணம் குடித்திருப்பான், அவனுக்குத் தெரியாதா. நூகுத் தம்பிக்கு இப்போது வாய் திறந்துவிட்டது, மஃரிபு ஆகிவிட்டது, என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் கதையெல்லாம் தீர்ந்துபோன மாதிரி இருந்தது. சதக்கு சார் கண்ணாடியைத் துடைத்தார். "மகளே, ஒங்க ஊர்ல இந்தச் சூப்பு இப்படித்தான் இருக்குமா? கேட்டுச் சொல்லு, ஜுபைர்." ஜுபைர் கேட்டான். ஸுகைனா கிண்ணத்தை வாயோடு வைத்து ஒரே மூச்சில் பாதி குடித்தது, கீழே வைத்தது, உதட்டைத் துடைத்தது. பிறகு பேச ஆரம்பித்தது, ஜுபைர் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் இறக்கி வைத்தான், இறக்க இறக்க அவன் குரலே மாறிக்கொண்டு வந்தது. "இந்த ஊர் இலை போட்ட ஹரீரா எங்க ஊர்ல ஒரே ஒரு தெருவுலதான் கிடைக்கும்கிறா. எப்பவோ ஒரு இந்தியாக்காரர் வந்து சமைச்சுக் காட்டிட்டுப் போனாராம். அவர் முதல் தடவை சமைச்ச அன்னைக்கு, புதினா மூட்டை சுமந்துக்கிட்டு வந்த ஒரு கழுதை, அந்தக் கதவுக்கு முன்னால வாசனை பிடிச்சு அப்படியே உட்கார்ந்திடுச்சாம். இழுத்துப் பார்த்திருக்காங்க, அடிச்சுப் பார்த்திருக்காங்க. ஒன்பது நாள் எந்திரிக்கலையாம். சந்து அடைபட்டுப் போய், கல்யாண ஊர்வலம் ஒண்ணு கூரை மேல ஏறிப் போச்சாம்." ஜெய்னம்பு கரண்டியோடு நின்றாள். "தெரு பேரு என்ன, அதைக் கேளு," என்றார் சதக்கு சார். ஜுபைர் கேட்டான், பதிலைக் கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் அவளையே பார்த்தான். "கழுதை உட்கார்ந்த தெருவாம். பெரியவங்க மட்டும் சொல்ற பேராம், பலகையில வேற பேரு எழுதிட்டாங்களாம். நேத்து ராத்திரிதான் ஞாபகம் வந்துச்சாம். எங்கிட்ட இவ்வளவு நாள் சொல்லவே இல்லை, அப்பா." அவன் முகம் பத்து வயது முகமாக இருந்தது. சதக்கு சார் கிண்ணத்தைக் கையில் எடுத்து, முதன்முதலாக, மெல்ல உறிஞ்சினார். ஸுகைனா நூகுத் தம்பியின் பக்கம் திரும்பவே இல்லை, சாந்தமாகக் கடலையைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தது. அத்தனையும் பொய் என்று அந்த விரிப்பில் ஸுகைனாவைத் தவிர அவர் ஒருவருக்குத்தான் தெரியும், உட்கார்ந்த கழுதையும், அடைத்த சந்தும், கூரை மேல் நடந்த மணப்பெண்ணும், பொய், சுத்தப் பொய், கொதித்து இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகாத பொய். நூகுத் தம்பி கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு, முழங்காலில் கையூன்றி முன்னால் நகர்ந்தார்.

"அந்தக் கழுதை," என்றார், "கடைசியில எந்திரிச்சிச்சா, இல்லையா? கேட்டுச் சொல்லு, ஜுபைர், சீக்கிரம் கேளு."